பைப் பிடிக்கிற கை

விமானம் தீப்பிடித்தால் ஓடிப்போய் அணைக்கிற வேலை எனக்கு. வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடங்களில் ஒரு விமானம்கூட என் எதிரில் தீப்பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேடசந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் போய்க் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். எரிகிற விமானத்துக்குள் புகுந்து தோளுக்கு ஒருவராக இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். டீக்கடையில் அப்பா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். தோளில் தூக்கியது உண்மைதான். தூக்கியது பயிற்சிக்காக மணலும் கந்தல் துணியும் அடைத்துத் தைத்த பொம்மையை. எத்தனையோ லீவுக்கு ஊருக்குப் போயிருக்கிறேன், ஒருமுறைகூட இதைத் திருத்திச் சொன்னதில்லை. கேட்டவர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

உண்மையான வேலை காத்திருப்பது. காலையில் ஷிப்ட் மாறியதும் வண்டிகளைச் சோதிப்போம். சைரன், விளக்கு, டயர், நுரைக் கரைசல், மூச்சுக்கருவியில் காற்று எல்லாம் பார்த்துவிட்டு, வண்டியின் கூரைமேல் இருக்கும் பீரங்கி மாதிரியான குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சிப் பார்ப்போம். அதற்கு மானிட்டர் என்று பெயர். அப்புறம் டவரிலிருந்து மணி அடிக்கும் என்று உட்கார்ந்திருப்போம். அடிப்பது பெரும்பாலும் ஒத்திகை மணியாக இருக்கும். ஆனாலும் சாப்பாட்டில் வைத்த கையோடு ஓட வேண்டும். ரன்வேயின் கடைசி முனைக்கு நாங்கள் எவ்வளவு சீக்கிரம் போய்த் தண்ணீர் திறக்கிறோம் என்று ஒருவர் கடிகாரம் வைத்துக்கொண்டு நிற்பார். ஒரே ஒருமுறை ஒரு விமானத்தின் பிரேக் சூடாகிப் புகை வந்தது. சைரன் அலற நாங்கள் நான்கு வண்டியில் போய்ச் சூழ்ந்து நின்றோம். போவதற்குள் அது தானாக ஆறிவிட்டது.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முதலில் உடம்பில் ஏற்றியது வேகம். இரண்டாவது, கஞ்சத்தனம் கூடாது என்பது. விமான எரிபொருள் பற்றிக்கொண்டால் உள்ளே இருப்பவர்களுக்கு அதிக நேரம் கிடைக்காது. அதனால் எங்கள் வண்டி, ஒரு தண்ணீர் லாரி கொள்ளுவதைவிட அதிகமான தண்ணீரைச் சுமந்துகொண்டு போய், ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்குள் அவ்வளவையும் கொட்டித் தீர்த்துவிடும். தீர்ந்தால் பின்னால் அடுத்த வண்டி நிற்கும். ஒரு பழைய இரும்புக் கூட்டை விமானம் மாதிரி நிறுத்திவைத்து, கீழே குழியில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். கனமான உடுப்புக்குள் வியர்வை வழிய, பக்கத்தில் எரிவதை முதலில் அடித்து, வழி உண்டாக்கிக்கொண்டே முன்னேற வேண்டும். என் முதல் நாளில் நான் குழாய் வாயைப் பாதிதான் திறந்தேன். எங்கள் ஊர்க்காரன் கை அது, தானாகவே அப்படித்தான் திறக்கும். பயிற்சி கொடுத்த வடக்கத்திக்காரர் பின்னாலிருந்து என் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டி, யாருக்காக மிச்சம் பிடிக்கிறாய், மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகவா என்று இந்தியில் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் எதையும் பாதி திறந்ததில்லை.

வேறொரு வேலையும் எங்களுக்கு உண்டு. புதிதாக ஓர் ஊருக்கு விமானம் விடும்போதும், ஒரு பைலட் ஓய்வுபெறுகிற நாளில் அவருடைய கடைசி விமானம் வந்து இறங்கும்போதும், அது வருகிற பாதையின் இரண்டு பக்கமும் எங்கள் வண்டிகளை நிறுத்தித் தண்ணீரை வளைவாகப் பீய்ச்சுவோம். விமானம் அந்த வளைவுக்குள் நுழைந்து நனைந்துகொண்டு வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வெயில் நேரமாக இருந்தால் வானவில்லும் கிடைக்கும். அப்படி ஒரு நாள் மானிட்டர் என் கையில். கூட வேலை பார்ப்பவன் ஒருவன் அதைப் படம் பிடித்துத் தந்தான். நான் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இடது பக்க வண்டியில் இருப்பது நான்தான் என்று எழுதினேன். போட்டுவிட்டு அரைமணிக்கு ஒருதரம் யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்துக்கொண்டேன். இத்தனைக்கும் அந்த வருடம் எங்கள் பக்கம் மழையே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு போனிலும் அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

சாயந்திரம் அம்மா கூப்பிட்டாள். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வந்த நாள் அது. நாலைந்து நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீர். குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அப்பா அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். எல்லோரும் நல்லா இருக்குன்னு சொன்னாக என்றாள் அம்மா. அப்புறம், எங்கள் தென்னந்தோப்புக்குப் பக்கத்துக் காட்டு அத்தை ஒன்று கேட்கச் சொன்னாளாம்.

"அந்தத் தண்ணி கீழ விழுந்து எங்கிட்டுப் போகும்னு கேக்குறா."

சாக்கடைக்கு என்றேன். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். எனக்குக் காது சுட்டது. அந்தப் படத்தை அழித்தேன். அதற்குள் அது சித்தையன்கோட்டையில் இருக்கிற பெரியம்மா வீடு வரைக்கும் போய்விட்டிருந்தது. அங்கிருந்து இரண்டு பேர் கைதட்டுகிற பொம்மை அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். எங்கள் போர் காற்று வாங்க ஆரம்பித்திருந்தது. மோட்டாரைப் போட்டால் கொஞ்சம் சேறு, அப்புறம் வெறும் சத்தம். தென்னையில் மட்டை ஒவ்வொன்றாகத் தொங்கிக் காய்ந்தது. பக்கத்துக் காட்டு அத்தையின் நிலைமை இன்னும் மோசம். அவள் காட்டில் இருந்தவை, புருஷன் போனபிறகு ஒற்றையாளாக அவள் வைத்த தென்னம்பிள்ளைகள். எல்லாம் இடுப்புயரம்தான். பெரிய மரம் ஒரு கோடையைத் தாங்கும், பிள்ளை தாங்காது. அவளை அடுத்து ஒரு பங்காளி அண்ணனுக்குக் கொஞ்சம் மரம். அவர் நூல் மில்லில் வேலை பார்த்தார். ஷிப்ட் பஸ் ஏறப் போகும்போதும் இறங்கி வரும்போதும் மட்டும்தான் காட்டை எட்டிப் பார்ப்பார்.

மூன்று வீடும் சேர்ந்து தண்ணீர் லாரி சொல்லி மரங்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது மேட்டுக்காடு. அதனால் மோட்டார் வைத்த லாரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு லாரித் தண்ணீரை மூன்று காட்டுக்கும் ஒரே ஆள் பைப் பிடித்து விட வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பைப் பிடிக்கிறவர் தன் மரத்துக்குக் கடைசியில்தான் ஊற்றலாம். முதலில் அடுத்தவர் மரம். மிச்சம் இருந்தால் தன்னுடையது, குறைந்தால் அவர் தலையெழுத்து. எங்கள் மூன்று காட்டுக்கும் அந்த ஆள் அப்பா. யாரும் அவரை நியமிக்கவில்லை. லாரி வந்தால் பைப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நின்று பார்க்கக்கூட மாட்டார்கள். அப்பாவுக்கு ஊரில் சொத்து என்று சொல்ல அதிகம் கிடையாது. இது இருந்தது.

அவர் தண்ணீர் விடுவதை ஒருமுறை கூடவே இருந்து பார்த்தேன். எனக்குப் பொறுமை போயிற்று. வால்வைக் கால்வாசிதான் திறப்பார். பைப் வாயில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார், மண் அரித்துவிடக் கூடாதாம். வட்டப்பாத்தியில் முதலில் மேலாக நனைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார். மறுபடி திரும்பி வந்து அதே மரத்துக்கு நின்று குடிக்க விடுவார். லாரிக்காரர் தூங்கி எழுந்து இரண்டு தடவை வெற்றிலை போட்டுவிட்டார். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காய்ந்து இறுகிய செம்மண் வேகமாக ஊற்றினால் குடிக்காது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பள்ளிக்கூட நாளில் நானே அப்படி விட்டிருக்கிறேன். ஆனால் அன்று வரப்பில் உட்கார்ந்துகொண்டு, இந்த வேலையை நாங்கள் எவ்வளவு நேரத்தில் முடிப்போம் என்று அப்பாவிடம் அலட்டினேன். அவர் சிரித்தார். "நீ பெரிய பைப் பிடிக்கிறவன்ல" என்றார், கேலியாகவும் பெருமையாகவும்.

அதற்கு அடுத்த லாரி வந்த அன்று அப்பா ரேஷன் கடையில் இருந்தார். ரேகை வைக்க அவரே போனால்தான் ஆகும். அத்தை நூறுநாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போயிருந்தாள். மில் அண்ணன் ஷிப்டில். லாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் அப்பாவுக்குப் போன் போட்டேன். வரிசையில் நிற்பதாகச் சொன்னார்.

"செத்த நேரம் நிக்கச் சொல்லு. இந்தா வந்துர்றேன்."

லாரிக்காரருக்கு வேறு ஊருக்கு நடை இருந்தது. அவர் முணுமுணுத்தார். நான் அவரிடம், அப்பா வரவேண்டியதில்லை, இது என் தொழில் என்றேன். அதை எந்தத் தோரணையில் சொன்னேன் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வேலை பார்க்கும் இடத்தில் கொடுத்த டீசர்ட்டைத்தான் அன்றும் போட்டிருந்தேன். முதுகில் பெரிய எழுத்தில் ஃபயர் என்று இருக்கும்.

சாக்கை அவிழ்த்துப் போட்டேன். பைப்பை இடுப்போடு அணைத்துப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, வால்வை முழுசாகத் திறந்தேன். மோட்டார் வேகத்துக்குப் பைப் துள்ளியது. அதை அடக்கி நிறுத்தியதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பதில் ஆரம்பித்து முன்னேறு என்று உடம்பு சொன்னது. பக்கத்தில் இருந்தவை எங்கள் மரங்கள். வரிசையாக அடித்துக்கொண்டே போனேன், மரத்துக்கு இத்தனை மூச்சு என்று. மண் நனைந்து கறுத்ததைப் பார்த்ததும் அடுத்த மரம். வேகம் போதவில்லை என்று தோன்றியபோது தலைக்கு மேல் கையைச் சுழற்றிக் காட்டினேன். எங்கள் வண்டியில் அதற்கு அர்த்தம் உண்டு. லாரிக்காரருக்கும் அது புரிந்துவிட்டது, எஞ்சினை இன்னும் முடுக்கினார்.

எங்கள் காட்டை முடித்துவிட்டு அத்தை காட்டு வரப்பில் கால் வைத்தபோது பைப் இரண்டு தடவை இருமியது. அப்புறம் காற்றுதான் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினேன், அடுத்த வண்டி வரட்டும் என்று. பழக்கம். பின்னால் வண்டிப்பாதையில் லாரிக்காரர் ஒருவர்தான் இறங்கி நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்காமல் எங்கள் மரங்களுக்கு நடுவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கே பார்த்தேன். பாத்தி வரம்புகள் உடைந்து கிடந்தன. செங்கலங்கலாகத் தண்ணீர் எங்கள் காட்டின் சரிவில் கோடு கோடாக இறங்கி ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்பா மொபெட்டில் முன்னால் அரிசிப் பையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஒரு மரத்தடியில் குந்தி விரலை மண்ணுக்குள் விட்டார். நகம் அளவுக்குத்தான் ஈரம். கீழே பொடி மண் விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. இன்னொரு மரத்திலும் பார்த்தார். அதற்குப்பிறகு எழுந்து அத்தையின் பிள்ளைகளைப் பார்த்தார். அங்கே ஒரு சொட்டு விழவில்லை.

"நம்ம மரத்துலயா ஆரம்பிச்ச?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன். அவருக்கு அதுதான் பெரிதாக இருந்தது. தண்ணீர் வீணாய்ப் போனதைக்கூட அவர் அப்படிக் கேட்கவில்லை. அவர் லாரிக்காரரிடம் போய் ஏதோ பேசினார். லாரிக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வண்டி போய்விட்டது. மறுபடி லாரி கிடைக்க ஒரு வாரமாவது ஆகும். சுற்றி எல்லா ஊரிலும் அதே அலைச்சல்.

அத்தை மதியத்துக்கு மேல் மண்வெட்டியும் தூக்குவாளியுமாக வந்தாள். நேராகத் தன் பிள்ளைகளிடம்தான் போனாள். காய்ந்த பாத்தியைப் பார்த்தாள், எங்கள் பாத்தி உடைந்து கிடப்பதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பைப் என்றால் அப்பாதான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"எங் கை நழுவிருச்சு தாயி. வால்வு முழுசாத் தொறந்துக்கிருச்சு. என்ன நெனப்போ தெரியல, நம்ம மரத்துலேயே ஆரம்பிச்சுட்டேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை அத்தை, நான்தான் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. முதுகில் இருந்த எழுத்து அவள் கண்ணில் படாதபடி கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டேன். அதைத்தான் செய்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் அது அசையவில்லை.

அத்தை கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "விடுங்கண்ணே. வயசாகுதுல்ல" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். எழுபதை இன்னும் எட்டாத மனிதர். தேங்காய் மூட்டையை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுகிறவர். அந்த ஒரு தலையாட்டலில் கிழவராகிவிட்டார்.

சாயந்திரம் மில் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் அப்பாவிடம் கோபமாக எதுவும் பேசவில்லை. ஆனால் எங்கள் மரங்களின் ஈரத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஓடைக்குப் போனதை அவர் கண்ணால் காணவில்லை. முதலில் எங்கள் மரத்துக்கு ஊற்றியது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பைப் பிடித்தவர் தன் மரத்தை நனைத்துக்கொண்டு அடுத்தவர் மரத்தைக் காயவிட்டார். இத்தனை வருடத்தில் அப்பாவைப் பார்த்து யாரும் அப்படி நினைத்ததில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அம்மா வெஞ்சனம் எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எனக்குன்னா மன்னிச்சுருவாக. உனக்குன்னா சிரிப்பாக" என்றார். பிறகு, "அம்புட்டுப் பேருகிட்டயும் உன்னயப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்லப்பா."

நான் திருத்தாமல் விட்ட கதைகளை எல்லாம் அவர் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. நாளைக்கே போய் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். சொல்லக் கூடாது என்றார். குரலை உயர்த்தவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் வெளியில் தலை காட்டவில்லை. வீட்டுக்குள்ளே நல்ல பிள்ளையாக ஃபேன் துடைத்தேன், பரணில் சாமான் அடுக்கினேன். அம்மா ஒருநாள் பொறுக்காமல், இம்புட்டுச் சுத்தம் யாருக்குடா என்றாள். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துப்போய் அத்தையின் பிள்ளைகளுக்கு விடிகாலையில் சொம்பு சொம்பாக ஊற்றிவிட்டு வந்தேன், யாரும் பார்க்காமல். அதில் அவை பிழைக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளில் குருத்து வாடிச் சாய்ந்துவிட்டது. தொட்டால் கையோடு வந்துவிடும் போல இருந்தது.

என் லீவு முடிவதற்கு முன்னால் லாரி கிடைத்தது. அதே லாரிக்காரர். அன்று எல்லோரும் இருந்தார்கள். அத்தை நூறுநாள் வேலைக்குப் போகவில்லை. மில் அண்ணன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். முன்பெல்லாம் லாரி வந்தால் நகர்ந்துபோகிறவர்கள் இப்போது வந்து நின்றுகொண்டார்கள். அப்பா வழக்கம்போலச் சாக்கை நனைத்துக்கொண்டு பைப்பிடம் போனார். மில் அண்ணன் அவர் கையிலிருந்து சாக்கை வாங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க பெரியப்பா. நான் பிடிக்கிறேன்."

மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா ஒரு கணம் வெறுங்கையோடு நின்றார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா சொல்லக் கூடாது என்றதை எல்லாம் காற்றில் பறக்கவிட்டு, நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அன்றைக்கு அப்பா இங்கே இல்லை, ரேஷன் கடையில் இருந்தார், பைப்பைப் பிடித்தது நான், வால்வை முழுசாகத் திறந்தது நான், எங்கள் மரத்தில் ஆரம்பித்ததும் நான்தான்.

மில் அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் கண் கலங்கியது. எனக்கு நெஞ்சு லேசானது. இனி அவள் திட்டுவாள், சிரிப்பாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அப்பன் தலை குனியக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறான் பாருங்கண்ணே" என்றாள் அத்தை. "புள்ளன்னா இப்படில்ல இருக்கணும்."

இல்லை அத்தை, சத்தியமாக நான்தான் என்றேன். அவள் இன்னும் உருகினாள். நான் லாரிக்காரரைக் கூப்பிட்டேன். இவர் கண்ணால் பார்த்தவர், இவரைக் கேளுங்கள் என்றேன். லாரிக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அன்றைக்கு அவரிடம் அப்பா என்ன பேசினார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. பெரியவர்தான் பிடித்தார் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பினார்.

மில் அண்ணன் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் இருந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. "ஏன் வேற ஆளு? தம்பியே பிடிக்கட்டும். ஏர்போர்ட்டுல பெரிய பைப்பே பிடிக்கிறவரு" என்றார். அத்தையும் அதுதான் சரி என்றாள். சாக்கைக் கட்டி, பைப்பை என் கையில் கொடுத்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். பிடி என்று கண்ணால் சொன்னார்.

பிடித்தேன். கால்வாசி திறந்தேன். அத்தையின் பிள்ளைகளில் ஆரம்பித்தேன். மேலாக நனைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன், திரும்பி வந்து நின்று குடிக்க விட்டேன். சாய்ந்துபோன இரண்டுக்கும் ஊற்றினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. அத்தை வேப்பமரத்தடியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகனுக்கு எவ்வளவு நிதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. இனிமேல் நீங்கள் இந்த வெயிலில் அலைய வேண்டாம் அண்ணே, தம்பி இல்லாத நாளில் மில்லுக்காரர் பார்த்துக்கொள்வார் என்றாள். தூக்குவாளியிலிருந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா டம்ளரை வாங்கினார். அவர் கை நடுங்கியது. டீ தளும்பி வேட்டியில் சிந்தியது. அத்தை பதறிப்போய்த் தன் கையையும் கொடுத்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். அன்று காலையில்தான் அவர் ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சொருகிவிட்டு அதே கையால் சவரம் செய்துகொண்டார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. டம்ளருக்கு மேலாக அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் குனிந்து அடுத்த பாத்திக்குப் பைப்பை நகர்த்தினேன்.